இருபத்து நான்கு அடி தாங்கிய பலகை

பொறியாளன் ஆவதற்குப் பல வருடங்கள் முன்பே, ஏழாம் வகுப்பிலேயே, ஒரு பொருளின் வலிமையைச் சோதித்துப் பார்த்தவன் நான். சோதனைக்கூடம் எங்கள் மொட்டைமாடி. கருவி அம்மாவின் அம்மிக்குழவி. அதனால் உலகத்துக்கு விளைந்த நன்மை, என் மாமா திரும்பவும் கல்ஃபுக்கே போனது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அங்கே ஒரு பைபர் படகுப் பட்டறையில் வேலை. விடுப்பில் வந்தவர், பாறையில் மோதினாலும் பிளக்காத வள்ளம் கட்டுகிறேன் என்று எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டார். எங்கள் கரையில் அலை வள்ளத்தைத் தூக்கிப் பாறையில் அறையும். கண்ணாடி நாரால் செய்த வள்ளம் முன்பக்கம் பிளந்துகொள்ளும். கண்ணாடி நாருக்கு நடுநடுவே தும்பை, அதாவது தேங்காய் நாரை, அடுக்கி ரெசின் என்ற பசையை ஊற்றினால் அடி தாங்கும் என்பது மாமாவின் கணக்கு. கொட்டாரம் என்ற ஊரிலிருந்து சாக்குச் சாக்காகத் தும்பு வந்தது. எத்தனையோ பலகைகள் உடைந்தன. கடைசியில் ஒரே கலவையில் இரண்டு நீலப் பலகைகள். ஒன்றைச் சம்மட்டியால் அடித்துப் பார்த்தார், அசையவில்லை. மற்றதைத் துணியில் பொதிந்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்களூரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் வள்ளக்காரர் சங்கத் தலைவர் முன்னால் அந்தப் பலகையை அடித்துக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால் ஐந்து வள்ளம் கட்டும் வேலை. மாமா ஊரிலேயே இருந்துவிடலாம். விடுப்பில் மிச்சம் ஒன்பது நாள். மாமாவின் மனைவியான அத்தைக்கு ஏழாவது மாதம்.

சனிக்கிழமை என் வகுப்புக்காரன் ஒருவன் ஆரம்பித்தான்.

"உங்க மாமாக்க தும்பு கால்மிதி பின்னத்தான் ஆவும்னு எங்க அப்பா சொன்னாருலே."

வீட்டு மானம் என் கையில் இருப்பதாகத் தோன்றியது. பெரியவர்கள் ஊர்வழி போயிருந்தார்கள். துணியில் பொதிந்திருந்த பலகையை எடுத்து முற்றத்தில் இரண்டு கல்லின் மேல் வைத்தேன். கீறல் விழுந்தால் மாமா கண்டுபிடித்துவிடுவார் என்று குழவியைச் சாக்கில் சுற்றினேன். அவ்வளவு அறிவாளி. நானும் வகுப்புக்காரர்களுமாக ஆறு பேர், மாடியிலிருந்து ஆளுக்கு நான்கு முறை குழவியைப் பலகை மேல் போட்டோம். பலகை சும்மா கிடந்தது. நீலப் பூச்சில் ஒரு கோடு இல்லை. துடைத்து, பொதிந்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

இப்படிப்பட்ட பலகை அடியை உள்ளுக்குள்தான் வாங்கும் என்று பிற்பாடு கல்லூரியில் படித்தேன். மேலே பளபளப்பாக இருக்கும். உள்ளே அடுக்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து கிடக்கும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

ஞாயிற்றுக்கிழமை கரையில் நல்ல கூட்டம். மாமா வெள்ளைச் சட்டையில் நின்றார்.

"நீங்களே அடியுங்க தலைவரே. ஓங்கி அடியுங்க."

தலைவர் சம்மட்டியை ஓங்கி ஒரே போடு போட்டார். பலகை இரண்டாகப் பிளந்து, தும்பு பிதுங்கிக்கொண்டு நின்றது. தலைவர் சிரிக்கக்கூட இல்லை.

"புள்ளகுட்டிக்காரனுவ ஏறிப் போற வள்ளம்வே இது. விளையாட்டா?"

மாமா இரண்டு துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் கொட்டகையில் பிளந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்ல வேண்டியது என் கடமை அல்லவா, போய்ச் சொன்னேன்.

"மாமா, நல்ல பலகைதான் கேட்டியளா. சனிக்கிழமை மாடியில இருந்து குழவியப் போட்டோம், ஒண்ணும் ஆவல்ல. தலைவருதான் என்னமோ கள்ளத்தனம் செஞ்சிருக்காரு."

மாமாவின் விரல் நின்றது.

"எத்தன தடவ போட்டிய மக்கா?"

"இருபத்தி நாலு!"

கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். பிறகு என் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டார்.

"இத ஆருட்டயும் சொல்லிராத, என்னா? அத்தைட்ட சொல்லவே சொல்லாத."

தொழில் ரகசியம்! வேறு யாரும் அந்தக் கலவையைத் திருடிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மாமாவே நம்பி ஒப்படைத்த பிறகு எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகும் வேன் வந்தது. அத்தை ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"உங்க மாமாவுக்குக் கைராசி இல்ல மக்கா. வேற என்னத்தச் சொல்ல."

ஜன்னல் வழியே மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியட்டுமே என்று, கண்ணடித்தேன்.