குழாய்க்குள்ளே ஒரு கோந்து

கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். கண்டுபிடித்துச் சொன்னாலோ, "எங்கே, ஒண்ணும் தெரியலையே" என்பார்கள். ஆய்வுக்கூடங்களில் குப்பை கொட்டிய சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எண்பதுகளில் ஹைதராபாதில் ஒரு பொதுத்துறை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். ஆலைக் குடியிருப்புக்குப் பின்னாலிருந்த ஏரியிலிருந்துதான் குடிதண்ணீர். பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றி வயிற்றுப்போக்கு, காய்ச்சல். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் படு சுத்தம். குளோரின் மிதக்கிற கிருமியைக் கொல்லும், சரி. குழாயின் உட்சுவரில் கோந்து மாதிரி படலம் கட்டி அதற்குள் குடித்தனம் நடத்துகிற கிருமியை என்ன செய்யும்? இதைத்தான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தகடு தேய்த்த புண்ணியவான்

வேலை இதுதான். குழாய்த் தண்ணீர் தொட்டியில் விழும் இடத்தில் எஃகுத் தகடுகளைத் தொங்கவிடுவேன். சில வாரங்கள் ஊறினால் படலம் ஒட்டும். அதைச் சுரண்டி, உலர்த்தி, உப்புப் பொடியோடு வில்லையாக அழுத்தி, அகச்சிவப்பு ஒளியை உள்ளே விட்டால் மிஷின் கிராஃப் போடும். எந்தெந்த இடத்தில் ஒளி குறைகிறது என்று பார்த்தால் அது கிருமிக் கோந்தா, வெறும் சேறா என்று தெரிந்துவிடும்.

ஜெனரல் மேனேஜர் தொட்டியைப் பார்வையிட வருகிறார் என்று ஒருநாள் ஏக களேபரம். சுண்ணாம்பு அடித்தார்கள், கோலப்பொடி தூவினார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் என் தகடுகள் அத்தனையும் கல்யாண வீட்டுத் தட்டு மாதிரி பளபளக்கின்றன. வாரக்கணக்கான உழைப்பு சாக்கடையில். எனக்கு வந்த கோபத்தில் நாக்கு குழறிவிட்டது. எங்கள் அட்டெண்டர் ஆறுமுகம், ஹைதராபாத் லாலாகுடாவிலேயே பிறந்து வளர்ந்து உருது கலந்த தமிழ் பேசுபவர், சாம்பலும் தேங்காய் நாருமாக நின்றுகொண்டு கேட்டார்: "கைக்கு மேடம், எதுக்குக் கோபம்? உங்க சாமான் கந்தாவா, அழுக்கா கிடந்தா பெரியவர் உங்களைத்தானே ஏசுவாரு? அதான் நானே சாஃப் பண்ணிட்டேன்."

மிஷினுக்கு என்ன கிரேடு?

மறுபடி தகடு தொங்கவிட்டேன், மறுபடி காத்திருந்தேன். அதற்குள் வேறொரு வினை. எங்கள் மிஷினில் ஒளி போகிற ஜன்னல்கள் உப்புக்கட்டியால் ஆனவை. காற்றில் ஈரம் ஏறினால் மங்கிப்போகும். அதற்காகத்தான் அந்த அறையில் ஏசி.

ஆடிட்காரர்கள் வந்தார்கள். என் பதவிக்கு ஏசி அறை கிடையாதாம். சட்டப்படி ஒரு மின்விசிறிதானாம். ஏசி எனக்கில்லை ஐயா, மிஷினுக்கு என்று மன்றாடினேன். மழைக்காலத்தில் கழற்றிக்கொண்டுபோய், தகுதியுள்ள ஒரு மேனேஜர் அறையில் மாட்டினார்கள். உப்பு ஜன்னல் மங்கிப்போய், புது ஜன்னல் வாங்கிப் போடும்வரை கிராஃப் கோணல்மாணலாகவே வந்தது. ஆடிட்காரர் மட்டும் கடைசிவரை மரியாதை தவறவில்லை: "விதியிலே எழுதிடலாம் மேடம், ஒண்ணும் பிரச்சினையில்லை. மிஷினுக்கு என்ன கிரேடுன்னு மட்டும் சொல்லுங்க."

எல்லார் முன்னாலும் ஒரு டம்ளர்

ஒருவழியாகச் சுத்தமான கிராஃப் கிடைத்தது. கோந்தேதான், சந்தேகமில்லை. குடியிருப்புக் கூட்டத்தில் அதை விரித்துக் காட்டி, குழாய்களைக் கழற்றித் தேய்க்க வேண்டும், அதுவரை தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்றேன். குடியிருப்பு அதிகாரி தங்கவேலு, ஈரோட்டுக்காரர், கிராஃபை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, எல்லார் முன்னாலும் மடக்மடக்கென்று குடித்தார். கைதட்டல் பறந்தது. என் பக்கத்து வீட்டு சரோஜாவும் தட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க மேடம், நீங்க தகடு தொங்க விட்டதுக்கப்பறம்தானுங்க இந்த வழவழப்பே வந்துச்சு? மொதல்ல அந்தத் தகட்ட எடுத்துப்போடுங்க."

அதிகாரி வீட்டுத் தண்ணீர்

சரோஜாவின் மகள் சுதா அந்த வருடம் பத்தாம் வகுப்பு. காய்ச்சித்தான் கொடுக்கிறாயா என்று நான் கேட்கும்போதெல்லாம், "ஆபீசரே குடிச்சாரேக்கா, அப்புறம் எதுக்குக் கேஸை வீணாக்கணும்?" என்பாள் சரோஜா. பரீட்சைக்கு முன்பு சுதாவுக்கு டைபாய்டு வந்தது. பரீட்சை போயிற்று, தலைமுடி கொட்டிற்று, பிள்ளை கட்டிலோடு கிடந்தாள்.

குழாயைத் தேய்க்கச் சொல்லி இன்னொரு முறை கெஞ்ச, சரோஜாவையும் அழைத்துக்கொண்டு தங்கவேலு வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அவர் மனைவி நல்ல மனுஷி, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்தார். நான் டம்ளரைப் பார்த்துத் தயங்கியதும் சிரித்துவிட்டார். "பயப்படாமக் குடிங்க. எங்கூட்ல காய்ச்சுன தண்ணிதானுங்க. கூட்டத்துல உங்க கிராஃபப் பாத்துட்டு வந்த அன்னைக்கே சொல்லிப்போட்டாரு, இனிமே கொழந்தைகளுக்குப் பச்சத்தண்ணி ஒரு சொட்டுக் குடுக்கப்படாதுன்னு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாயைத் திறப்பதற்குள் சரோஜா தன் டம்ளரைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு நக்கோம்மா, வேணாம். ஒரு பாட்டில்ல ஊத்திக் குடுங்க, என் பொண்ணுக்கு எடுத்துட்டுப் போறேன்."

அந்தப் பாட்டிலைச் சரோஜா, ஆபீசர் வீட்டுக் காய்ச்சின தண்ணி என்று வீடுவீடாகக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் குழாய்களைக் கழற்றித் தேய்த்தார்கள். ஆனாலும் என் கிராஃபை முதன்முதலில் நம்பிய பெருமை இன்றுவரை தங்கவேலு அவர்களையே சேரும்.