பட்டைத் தாள்

துணி மடித்தால்கூட அவர் சும்மா மடிக்க மாட்டார். நான்கு ஓரமும் மேசையில் தட்டித் தட்டி, கட்டைவிரலால் ஒருமுறை தடவி, விளிம்பில் வாயால் ஊதிவிட்டுத்தான் அலமாரியில் வைப்பார்.

"அது துணிங்க, லேபிள் இல்ல. ஊதினா பறந்துடப் போகுது" என்பாள் மனைவி.

அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரம் அவர் பொறுப்பு. மருந்துப் புட்டிகளுக்கான லேபிள் வெட்டியதும் ஒவ்வொரு தாளிலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மிஞ்சும். அதை நூலால் கட்டி வெளிவாசல் ஆணியில் மாட்டிவிடுவார். மெக்கானிக், துணிக்கடைப் பெண், வேலை தேடும் பட்டதாரி என்று யார் யாரோ ஏதாவது எழுதிப் பார்க்க எடுத்துப் போவார்கள். கணக்குப் பார்க்கும் முதலாளி மகளும் ஒரு கட்டு எடுப்பாள்.

அந்தப் பட்டையில் ஒரு வரிக்கு நான்கு சொல்லுக்கு மேல் இடமில்லை. எழுதியவர்கள் வேறு வழியின்றிச் சொல்லைக் குறைத்தார்கள். எழுதியதைப் பேருந்து நிறுத்தச் சுவரில் ஒட்டினார்கள். பேருந்து வரும்வரை ஜனம் படித்தது. படித்தவர்களில் பாதிப்பேர் மறுவாரம் ஆணிக்கு வந்து நின்றார்கள். புதுக்கவிதை இந்த ஊரில் ஏன் முளைத்தது என்று பிற்பாடு எழுதியவர்கள் ஆற்றைச் சொன்னார்கள், காற்றைச் சொன்னார்கள். அதுவும் இருக்கலாம்.

ஒருநாள் தாளின் அளவு மாறியது. பட்டை விழவில்லை.

"மாமா, தாளைக் கொஞ்சம் திருப்பி வெச்சு வெட்டுங்களேன், பட்டை விழும்" என்று கெஞ்சினான் மெக்கானிக்.

"லேபிளும் சேர்ந்து விழும்டா! மேற்பார்வையாளர் வேலைக்கு என் பேர் போயிருக்கு. என் சோத்துல மண்ணைப் போடாத."

மனைவி அந்த வேலையை நம்பித்தான் மழைக்கு ஒழுகும் கூரையைப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே ஓர் அடுக்குத் தாள் முழுக்கக் குறுக்கே வெட்டுப்பட்டுக் கிடந்தது. தரையெல்லாம் பட்டை. முதலாளி கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. கவிதை என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஆகாது.

"எவன் வேலை இது?"

"என் கைதான் தவறிடுச்சு, முதலாளி."

மேற்பார்வையாளர் வேலை வேறொருவருக்குப் போனது. இவரைக் கட்டுக் கட்டும் அறைக்குத் தள்ளினார்கள். இயந்திரத்தைத் தொடவே கூடாதென்று உத்தரவு.

"ஊருக்கு உபகாரம், வீட்டுக்கு உபவாசம்! அந்தப் பசங்க கெஞ்சினா உங்களுக்குப் புத்தி எங்க போச்சு? ஒரு வார்த்தை என்னை நினைச்சீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"விடு. போனது போச்சு."

"கூரையும் போகட்டும்!"

அவர் ஒழுகும் இடத்தில் பாத்திரத்தை நகர்த்தி வைத்தார். இரவுச் சோற்றைத் தட்டில் போட்டுத் தள்ளிவிட்டு அவள் திரும்பிப் படுத்தாள். பல நாள் அப்படியே நடந்தது.

அன்று தரையில் விழுந்த பட்டைகளில் மெக்கானிக்கும் மற்றவர்களும் எழுதியவைதான் அவர்களின் முதல் கவிதைத் தொகுப்பாக வந்தன. யாரோ கொண்டுவந்து கொடுத்த பிரதியை அவள் பிரிக்கவே இல்லை, பானைக்கு மூடியாக வைத்தாள்.

முதலாளி காலமாகி, அச்சகமும் கைமாறிய பிறகு, அங்கே புத்தகம் தைத்த ஒரு பெண்ணைச் சந்தையில் பார்த்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது: அன்று தாள் வெட்டுப்பட்ட நேரத்தில் அவள் கணவர் வாசலில் லாரியிலிருந்து தாள் இறக்கிக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் முன்னால் நின்றது முதலாளி மகள்.