சாயங்காலம் வந்து பேசுறேன்

தென் ஜெர்மனியில் ஏரியை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. அந்த ஜூன் மாதம் மலையில் உருகிய பனியும் விடாத மழையும் சேர்ந்து, ஏரி படகுத்துறையின் கடைசிப் படிவரை ஏறிவிட்டது. போதாக்குறைக்குப் புயல் வேறு வருகிறதென்று எல்லோருடைய கைபேசியும் ஒரே நேரத்தில் அலறியது. நான் சென்னைக்காரி. வெள்ளம் வாசல் வழியாகத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். இங்கே அது அடியிலிருந்து, நிலவறைக் குழாய் வழியாக வருமாம். நிலவறைக்கு இங்குள்ள தமிழர் வாயில் கெல்லர் என்று பெயர். ஊரே கெல்லரைக் காலி செய்து சாமான்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. தீயணைப்பு நிலையத்தில் மணல் மூட்டைக்கு நீண்ட வரிசை. அந்த அவசரத்திலும் யாரும் யாரையும் முந்தவில்லை.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் தனியாக இருந்தார். உணவகச் சமையலறையில் உழைத்து ஓய்ந்தவர். கோடையில் கோயில் திருவிழாக்களில் முறுக்குக் கடை போடுவார். காசைவிட அந்த ஜனக்கூட்டம்தான் அவருக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். மாவு பிசையும் இயந்திரமும் மாவு மூட்டைகளும் கெல்லரில் இருந்தன. வீடோ ஒற்றை அறை. கட்டிலைத் தாண்டினால் நிற்க இடமில்லை.

அன்று மத்தியானம் கதவைத் திறந்தால், முதல் மாடியில் என் வாசலுக்கு எதிரே மூட்டைகள். அவர் இயந்திரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றி, வலிக்கும் முழங்காலோடு ஏற்றிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் பொருள் வைக்கக் கூடாது என்பது இந்த நாட்டில் வேதவாக்கு. வைத்தால் கட்டட நிர்வாகத்திலிருந்து கண்டிப்பாகக் கடிதம் வரும். பாவம், இவருக்கு எதற்கு வம்பு, நம் அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் என் காதில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ வெண்கலக் குரல். நான் நலம் விசாரித்தாலே சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கும் என்பார் என் கணவர்.

“அண்ணா, சாமானெல்லாம் படியில வச்சிருக்கீங்கல்ல? சாயங்காலம் வந்து உங்ககிட்ட பேசுறேன்” என்றேன்.

“ஓம்” என்று தலையாட்டினார். முகம் வாடியிருந்தது. மூச்சு வாங்குகிறது போலும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மீட்டிங் முடிந்ததும் கணவரும் நானும் அறையை ஒழித்தோம். மாலையில் வெளியே வந்தால் படி துடைத்து வைத்தாற்போல் கிடந்தது. கீழே போய் அவர் வீட்டு மணியை அடித்தேன். பதில் இல்லை. யாரோ தெரிந்தவர் வேனில் சாமானை ஏற்றிப்போக, இவரும் கூடப் போய்விட்டார் என்று முடிவு கட்டினேன். மனுஷர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கோபம்கூட வந்தது.

புயல் சில கூரை ஓடுகளோடு போய்விட்டது. தண்ணீர்தான் சும்மா விடவில்லை. மறுநாள் கெல்லரில் தண்ணீரை இறைத்த பிறகு இறங்கிப் பார்த்தேன். அண்ணா சேற்றில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாவு இயந்திரத்தின் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மேசைமேல்தான் வைத்திருந்தாராம். தண்ணீர் மேசையையும் தாண்டியிருக்கிறது. மாவு மூட்டைகள் ஊறி வெடித்துத் தரையெல்லாம் களியாகக் கிடந்தது. அந்த மோட்டார் அதன்பின் சுற்றவே இல்லை. அவர் கடையும் அத்தோடு போயிற்று.

ஏன் திரும்பக் கீழே கொண்டுவந்தீர்கள் என்று கத்திவிட்டேன்.

“நீங்கள் பின்னேரம் வந்து பேசுறன் எண்டனீங்கள். இந்த வயசில ஆரோடையும் சண்டை பிடிக்க ஏலாது, தங்கச்சி. அதுதான் இறக்கிப்போட்டன்.”

பேசினால் என்ன குற்றம் என்று எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். அவர்கள் பக்கம் பேசுவது என்றால் திட்டுவது. நாங்கள் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். எங்கள் பேச்சு அவருக்குத் தெரியாததில்லை. எத்தனை தமிழ்ப்படம் பார்த்திருப்பார். ஆனால் வைக்கக் கூடாத இடத்தில் சாமானை வைத்துவிட்டுப் பயந்து நிற்பவர் காதில், அந்தச் சொல் அவர் ஊர்ச் சொல்லாகத்தானே விழும்? என் வாயை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை.

“உங்களுக்காக ரூம் காலி பண்ணி வச்சிருந்தேன், அண்ணா. அதைச் சொல்லத்தான் வந்து மணி அடிச்சேன்.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“மணி கேட்டது” என்றார். “நான் கதவுக்குப் பின்னாலதான் நிண்டனான்.”