விற்ற குடத்தின் படம்

செஞ்சி தபால் ஆபீஸில் இளவழகனைத் தெரியாதவர்கள் இல்லை. அந்தத் தெருவைத் தாண்டினால் தெரிந்தவர்கள் அதிகமில்லை. நாற்பத்தேழு வயது, கல்யாணமாகவில்லை. திருவண்ணாமலை ரோட்டில் கோட்டைக்குப் போகும் வழியில், பாறைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறான். பழைய இரும்புக் கடைகளிலும் வீடு இடிக்கிற இடங்களிலும் பித்தளைக் குடம், பீங்கான் ஜாடி, பூட்டு, ஓடாத கடிகாரம் என்று எதையாவது வாங்கிவந்து இணைய ஏலத்தில் விற்பது அவன் தொழில். படம் எடுத்துப் போடுவான். ஒரு வாரம் ஏலம் ஓடும். யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்குப் பார்சல் கட்டி அனுப்புவான். அவன் வீட்டில் கிடந்த சாமான்கள் இப்போது புனேயிலும் கொச்சியிலும் யார் யார் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலோ இருக்கின்றன. அந்த வீடுகளில் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை. வாங்கியவர்களும் அவனைப் பார்த்ததில்லை.

முன்பு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தான். கடை மூடப்பட்ட பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தான். அப்போது கூட இருந்தவள் அக்கா தைலம்மாள். கல்யாணமான வருஷமே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். "அங்க எனக்கு ஒத்து வரல" என்பதற்கு மேல் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் தூற்றும் வேலை. அந்த இடத்துக்கு ஊரில் கமிட்டி என்று பெயர். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் அக்காவும் தம்பியும்தான். இரண்டு பேருமே அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. பேசினால் பெரும்பாலும் பாத்திரத்தைப் பற்றிய சண்டையாகத்தான் இருக்கும்.

பழைய பொருள் வாங்குகிறவர்களுக்குக் களிம்பு ஏறியிருக்க வேண்டும். பச்சை பூத்து, கறுத்து இருந்தால்தான் பழசு என்று நம்புவார்கள். தைலம்மாளுக்கு அது புரியவே இல்லை. கமிட்டியிலிருந்து வந்ததும், கூடத்தில் அழுக்காக எது கிடந்தாலும் எடுத்துக்கொண்டு போய்ப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுவாள்.

"அக்கா, இதத் தேய்க்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது? அப்பிடியே வித்தாத்தான் வில."

"வில வருதுன்னு அழுக்கா குடுப்பியா? வாங்கறவங்க நம்ம வீட்டப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

"அவங்களுக்கு நம்ம வீடே தெரியாது."

"தெரியாட்டி போவுது. எனக்குத் தெரியுமில்ல?"

அப்படி அவள் பளபளக்க வைத்த சாமான்கள் பலவும் குறைந்த விலைக்குத்தான் போயின. அவனும் கொஞ்ச நாள் ஒளித்து வைத்துப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான்.

விற்ற பிறகு படங்களை என்ன செய்வது என்பதில் அவன் வைத்திருந்த வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஏலம் முடிந்ததும் படங்களை 'போனது' என்ற தனிப் பிரிவுக்கு மாற்றுவான். வழியில் நசுங்கிவிட்டது, விரிசல் இருக்கிறது என்று வாங்கியவர் புகார் சொன்னால் காட்ட அவை வேண்டும். பொருள் நல்லபடியாக வந்துசேர்ந்தது என்று அவர் எழுதியதும் எல்லாவற்றையும் அழித்துவிடுவான். ஆரம்பத்தில் இந்தக் கண்டிப்பு இல்லை. ஒரு தடவை, விற்றுப்போன ஒரு ஜாடியின் படத்தை அதே மாதிரி இன்னொரு ஜாடிக்கு மறதியாகப் போட்டுவிட்டான். வாங்கிய ஐதராபாத்துக்காரர் மூடியில் இருந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, ஏமாற்றுக்காரன் என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதிவிட்டார். அந்தச் சொல் அவனை ரொம்ப நாள் அரித்தது. அதற்குப் பிறகு, தன் கையை விட்டுப் போன பொருளின் படம் தன்னிடம் இருக்கவே கூடாது என்று வைத்துக்கொண்டான். போனில் இடமும் குறைவு.

அப்படி அழிப்பதற்கு முன்னால் அழிவது ஒன்று உண்டு. எடுக்கும்போதே கெட்டுப்போகும் படங்கள். குரங்கு குறுக்கே ஓடியது, வெளிச்சம் பட்டு வெளுத்தது, அக்காவின் நிழல் விழுந்தது. வாசல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அங்கேதான் வெள்ளை வேட்டியை விரித்துப் பொருளை வைப்பான். அவள் அந்த வழியாகத்தான் போய்வர வேண்டும். "தள்ளுக்கா, தள்ளு" என்பான். சில சமயம் விளையாட்டாகப் போனை அவள் பக்கம் திருப்புவான். உடனே முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்வாள்.

"என்னிய எதுக்குடா எடுக்கற? விக்கப் போறியா?"

ஒரு மாசி மாதம் காலையில், கமிட்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கமிட்டியில் கூட வேலை செய்தவர்கள் தெருமுனையில் பேனர் கட்ட வேண்டும் என்று படம் கேட்டார்கள். இளவழகன் போனை முழுக்கத் தேடினான். பூட்டு இருந்தது, கடிகாரம் இருந்தது, கெண்டி இருந்தது. அக்கா இல்லை. கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த படத்தையே பெரிதாக்கிப் போட்டார்கள். கண் ஒரு பக்கம் சொருகி, உதடு இறுகி, யாரிடமோ திட்டு வாங்கியவள் போல இருந்தாள். அந்தப் பேனர் அடுத்த மழையில் கிழிந்து தொங்கும் வரைக்கும் அவன் அந்த முனையைத் தவிர்த்து வேறு வழியாகப் போய்வந்தான்.

பிறகு தொழிலைத் தொடர்ந்தான். வேறு என்ன செய்வது? சமைத்தான், பாதிச் சோறு மிஞ்சியது. களிம்பு பிடித்த சாமான்களை இப்போது யாரும் தேய்க்கவில்லை. நல்ல விலைக்குப் போயின.

மூன்றாவது வருஷம் சேலத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அண்ணா, வணக்கங்க. என் பேர் சுவாதிங்க. நீங்க செஞ்சியில ஏலத்துல விக்கிறவர்தானுங்களே? ஒரு பித்தளைக் குடத்தைப் பத்திக் கேக்கணும்."

"என்கிட்ட இப்ப குடம் எதுவும் இல்லியேம்மா."

"அதாங்க எனக்கும் சந்தேகம். எங்கம்மாவுக்கு வாங்கலாம்னு பாத்தேன். வேற ஒரு ஆளு போட்டிருக்காரு. ஏலத்துல வேணாம், நேரா பணம் அனுப்புங்கன்னு அவசரப்படுத்தறாரு. படத்து மூலையில பாதி வெட்டுப்பட்டு 'செஞ்சி'ன்னு மட்டும் தெரியுது. அந்தப் பேருல தேடினா உங்க நம்பர் வந்துச்சு. உங்க படத்தைத் திருடிட்டாங்களோன்னு..."

ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அவன் தன் பெயரையும் ஊரையும் போடுவது வழக்கம். திருடியவன் பெயரை வெட்டியிருக்கிறான், ஊர் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. இளவழகனுக்குக் கோபம்கூட வரவில்லை. இந்தத் தொழிலில் இது நடப்பதுதான்.

"அனுப்பும்மா, பாத்து சொல்றேன். அந்த ஆளுக்கு ஒண்ணும் அனுப்பிடாத."

"சரிங்கண்ணா. அப்புறம், குடத்துல யாரோ ஒரு அம்மா நிக்கிற மாதிரி தெரியுதுங்க. உங்க வீட்டுல எடுத்ததுன்னா உங்களுக்குத் தெரியுமில்லீங்களா, அதான் சொன்னேன்."

படம் வந்தது. பார்த்ததும் அவனுடைய குடம்தான் என்று தெரிந்தது. கழுத்தில் பழைய சொந்தக்காரரின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. வேட்டி அவனுடைய வேட்டி. குடம் கண்ணாடி மாதிரி மின்னியது. இரண்டு விரலை வைத்துப் படத்தை விரித்தான்.

குடத்தின் வயிற்றில் வாசல் வளைந்து தெரிந்தது. அதற்குள் வெளிச்சம். அந்த வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, ஒரு கையை நிலையில் ஊன்றியபடி அவள் நின்றாள். குடத்தின் வளைவில் உடம்பு அகன்றிருந்தது. கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தாள். முகம் ஒரு விரல்நுனி அளவுகூட இல்லை. வாய் திறந்திருந்தது. அவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவள் நிழல் விழுந்த படங்களையெல்லாம் அழித்தவன் கண்ணுக்கு இது மட்டும் தப்பியிருக்கிறது. ஏலத்தில் போட்டிருக்கிறான், குடம் விற்றிருக்கிறது, வழக்கம் போல் அழித்தும்விட்டான். எங்கேயோ இருக்கிற ஒரு திருடன் அதைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால் மறுபடி வந்திருக்கிறது. இளவழகன் தரையில் உட்கார்ந்தான். அன்று அவள் என்ன சொன்னாள் என்று யோசித்தான். சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம். கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. போனைக் காதருகே கொண்டுபோனான். செய்தபிறகுதான் செய்தது உறைத்தது. வீட்டில் யாரும் இல்லை என்றாலும் வெட்கமாக இருந்தது.

சுவாதி திரும்பக் கூப்பிட்டாள். "உங்களோடதுங்களா?"

"எங்களோடதுதாம்மா."

"அந்த அம்மா?"

"எங்க அக்கா."

"நல்லா இருக்காங்களா?"

அவன் சொன்னான். அவள், "படத்தைப் பத்திரமா எடுத்து வெச்சுக்கங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

ஏல நிறுவனத்துக்குப் புகார் எழுதினான். படம் உங்களுடையது என்பதற்கு வெட்டப்படாத அசல் படத்தை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அசல் அவனிடம் ஏது? யோசித்து, 'குடத்தில் தெரிவது என் அக்கா தைலம்மாள், இப்போது உயிரோடு இல்லை' என்று எழுதினான். அதற்குப் பதில் வரவில்லை. சுவாதியும் தன் பங்குக்குப் புகார் கொடுத்தாள். சில நாள் கழித்துப் பார்த்தபோது அந்த விற்பனையே காணாமல் போயிருந்தது. யார் சொல்லி எடுத்தார்கள் என்று தெரியவில்லை. சுவாதி 'நன்றிங்கண்ணா, பணம் தப்பிச்சுது' என்று எழுதியிருந்தாள். அவனும் ஒரு கும்பிடு போட்டு அனுப்பினான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த வாரம் அவள் எண்ணை எடுத்து, அம்மாவுக்கு வேறு குடம் கிடைத்ததா என்று கேட்கலாமா என்று நினைத்தான். முன்பின் தெரியாத பெண், தப்பாக நினைக்கக் கூடும். கேட்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கி மாட்டலாம் என்று காந்தி பஜாரில் ரங்கநாதன் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனான். ரங்கநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது வெறும் புள்ளியா இருக்குதேப்பா. பெருசு பண்ணா கலங்கிடும். ஒண்ணு பண்ணலாம். இப்பல்லாம் கம்ப்யூட்டரே மூஞ்சியப் போட்டுக் குடுத்துடுது. கொஞ்சம் இரு."

திரையில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முகம் தெளிந்தது. நல்ல கன்னம், வில் மாதிரி புருவம், சின்னச் சிரிப்பு. மூக்கில் தைலம்மாள் என்றைக்கும் போட்டிராத மூக்குத்தி.

"லட்சணமா இருக்காங்களே, உங்க அக்கா."

இளவழகன் நெருங்கிப் பார்த்தான். எங்கேயாவது ஒரு ஓரத்தில் அக்கா இருக்கிறாளா என்று தேடினான். ஒருவேளை தனக்குத்தான் அவள் முகம் மறந்துவிட்டதோ என்றுகூட ஒரு நிமிஷம் பயம் வந்தது.

"இது யாரோ சார்."

"கிட்டத்தட்ட வந்திருக்கும்பா. சுவத்துல மாட்டினா நல்லா இருக்கும். நாலு பேரு பாத்தா யாருன்னு தெரிய வேணாமா?"

"நாலு பேரு யாரு வராங்க சார்? இத விட்டுடுங்க. முன்ன இருந்த மாதிரியே போட்டுக் குடுங்க. சின்னதாவே."

"ஒண்ணுமே தெரியாதேப்பா."

"எனக்குத் தெரியும் சார்."

ரங்கநாதன் அச்சுப் போட்டுக் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். பித்தளையின் மஞ்சளும், அதன் நடுவே கறுப்பாக ஒரு கீற்றும். வேறு யார் பார்த்தாலும் குடத்தில் விழுந்த கறை என்றுதான் சொல்வார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தான். அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களில் கூட்டம் படிக்கட்டு வரை தொங்கியது. பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் சும்மா நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

அந்த மாதக் கடைசியில் மேல்சித்தாமூரிலிருந்து ஆள் விட்டுச் சொன்னார்கள். ஒரு சமண நயினார் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள், பரணில் நிறையப் பாத்திரம் இருக்கிறது, வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று. காலையிலேயே போனான். வீட்டுக்காரம்மா கமலாம்பாள் கூடத்தில் நாற்காலி போட்டு, காபி கொண்டுவந்து கொடுத்தார். பரணிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இறக்கும் வரை பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பதற்காக அந்த அம்மா கேட்டார்.

"செஞ்சியில வீட்டுல யார் யாருப்பா இருக்கீங்க?"

வெளியூரில் இப்படி யார் கேட்டாலும் 'நானும் அக்காவும்' என்று சொல்வதுதான் அவன் பழக்கம். அவள் போன பிறகும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். பொய் சொல்ல வேண்டும் என்றில்லை, வாயில் அதுதான் வந்தது. இப்போதும் வாய் திறந்தான். காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"நான் மட்டும்தாம்மா. எங்க அக்கா இருந்தாங்க. தைலம்மாள்னு பேரு. எறந்துட்டாங்க."

"அடடா" என்றார் கமலாம்பாள். "எப்படி இருப்பாங்க? உன்னிய மாதிரியா?"

இத்தனை வருஷத்தில் அவளைப் பற்றி இப்படி யாரும் அவனைக் கேட்டதில்லை. சட்டைப் பை பக்கம் கை போனது. எடுக்கவில்லை. "என்னைய விட உயரம்" என்று ஆரம்பித்தான். பரணிலிருந்து இறக்கியவர்கள் கறுத்துப்போன ஒரு தவலையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்கள். கமலாம்பாள் அவர்களை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, மேலே சொல்லும்படி அவனைப் பார்த்தார். அவன் சொல்லிக்கொண்டு போனான்.