சகலையின் கம்ப்யூட்டர் அறையில் இருபத்தேழு நிமிடம்

இதை என் மனைவியிடம்கூட நான் முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால், ஆளில்லாத வீட்டுக்குள் நான் எதற்குப் போனேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். பேயை விட அதற்குத்தான் எனக்குக் கூச்சம். ஆனால் நடந்தது நடந்ததுதான். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

நான் எடை மெஷின் ரிப்பேர் செய்கிறவன். என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், கல்லூரியில் கணக்கு வாத்தியார். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு நின்ற ஆதிகாலக் கம்ப்யூட்டரை, உள்ளங்கை அளவு போர்டில் மறுபடி ஓட வைப்பது. அந்தப் போர்டில் ஒரு சிப் இருக்கும். அதன் உள் இணைப்புகளை நம் இஷ்டப்படி மாற்றி எழுதலாம். அன்றைக்கு பல்பு மாதிரி ஆயிரக்கணக்கான கண்ணாடி வால்வுகள் சூடேறிச் செய்த வேலையை, இன்றைக்கு அந்த ஒரே சிப் கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிடும்.

இந்த வித்தையை அவருக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். முதல் போர்டை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

ஒரு வருஷம் போனது. ஒன்றையும் ஒன்றையும் கூட்டச் சொன்னால், என் மெஷின் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'பூஜ்யம்' என்றது. அவருடையது வர்க்கமூல அட்டவணையே அச்சடித்தது. அசல் மெஷின் இருந்த ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே அவரைக் கண்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. மாமனார் அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"சின்ன மாப்பிள்ளைக்குப் பொறுமை ஜாஸ்தி," என்றார். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் சொன்னதுதான் சுட்டது.

என் மனைவி வேறு. "நீங்களும் அவர்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கலாமே?"

நான் போய் அவரிடம் கேட்பதா! வயிறு பற்றி எரிந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் சகலை குடும்பத்தோடு வெளியூர் கிளம்பினார். போகிற அவசரத்தில் வீட்டுச் சாவியை என் கையில் திணித்தார். "செடிக்கு மட்டும் தண்ணி ஊத்திடுங்க சகலை. என் ரூம்ல எதையும் தொட்டுடாதீங்க, என்ன?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். மணி 2.10. செடிப் பக்கமே நான் போகவில்லை. நேராக அவர் அறைக்குள் நுழைந்தேன்.

திட்டம் சுலபமானது. அவருடைய டிசைனைச் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்வது. அப்புறம் அதில் ஒரே ஒரு இணைப்பை மாற்றிவிட்டு வருவது. ஒன்றே ஒன்று. கண்காட்சியில், அத்தனை பேர் முன்னால், அவருடைய மெஷினும் பூஜ்யம் சொல்ல வேண்டும்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். பக்கத்தில் அந்தப் போர்டு. அதிலிருந்து ஒயர் போய், கடைகளில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு பில் பிரிண்டரில் சேர்ந்திருந்தது. 2.16-க்கு முதல் போட்டோ எடுத்தேன். அத்தனை இணைப்பும் எவ்வளவு நேர்த்தி! பார்க்கப் பார்க்க இன்னும் எரிந்தது.

2.21. கிர்ர்ர்... பிரிண்டர் தானாக ஓட ஆரம்பித்தது. தூக்கிவாரிப் போட்டது. டைமர் ஏதாவது வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வர்க்கமூல அட்டவணைதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வந்தது.

ஆனால் மெதுவாக வந்தது. ஒரு வரி... நிறுத்தம். இன்னொரு வரி... நிறுத்தம். அந்தப் போர்டு இவ்வளவு மெதுவாக ஓடவே ஓடாது. ஒரு நொடிக்குள் மொத்த அட்டவணையும் வந்து விழுந்திருக்க வேண்டும்.

வியர்த்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது, வெளியே மரம் ஆடிக்கொண்டிருந்தது. அறைக்குள் மட்டும் அடுப்புப் பக்கத்தில் நிற்கிற மாதிரி வெக்கை. சூடான தூசி வாசனை. போர்டைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

2.26. அப்போதுதான் காதில் விழுந்தது. பிரிண்டர் நிற்கிற நேரத்தில் மட்டும்...

டக்... டக்... டக்...

செருப்புக் காலோடு யாரோ நடக்கிறார்கள். எண்ணினேன். பதினான்கு அடி, ஒரே நேராக. பிறகு ஒரு வரி அச்சாகும். மறுபடி பதினான்கு அடி.

அந்த அறையே பத்துக்குப் பத்துதான்.

2.29. பிளக்கைப் பிடுங்கினேன்.

கம்ப்யூட்டர் அணைந்தது. போர்டு அணையவில்லை. சின்ன விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருந்தன. பிடுங்கிய ஒயர் என் கையில் தொங்கியது.

அப்போதே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்தப் பயத்திலும் பொறாமை விடவில்லை. பிளக்கை மறுபடி சொருகினேன். டிசைனைத் திறந்தேன். மாற்ற வேண்டிய இடம் கண்ணுக்கு முன்னால். ஒரு கையில் செல்போன். மறு கை விரலைக் கீபோர்டில் வைத்தேன்.

2.33.

டக்... டக்... டக்...

இந்தத் தடவை பதினான்கில் நிற்கவில்லை.

பதினைந்து... பதினாறு...

என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

கிர்ர்ர்...

எண் இல்லை. எழுத்து. அந்தப் புரோகிராமில் எழுத்துக்கு இடமே கிடையாது.

'எழுந்திரு.'

கிர்ர்ர்...

'இது என் நாற்காலி.'

காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்...

சூடாக.

எப்படி எழுந்தேன், எப்படிப் பூட்டினேன், தெரியாது. தெருவில் நின்று போனைப் பார்த்தேன். 2.37.

திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். "ரொம்ப தேங்க்ஸ் சகலை. ஆனா செடியெல்லாம் வாடிக் கிடக்கே?" என்றார். வெயில் அதிகம் என்றேன். எதையும் நான் மாற்றவில்லை. விரல் வைத்ததோடு சரி.

புதன்கிழமை மாமனார் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். சகலை கையில் ஒரு கத்தைக் காகிதம். ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்துக் கொடுத்த ஜெராக்ஸ். அசல் மெஷினை ஓட்டிய பெண், எழுபது வருஷத்துக்கு முன்னால் தினமும் எழுதிவைத்த குறிப்பேடு.

"பாவம், அந்தம்மாவோட கண்டுபிடிப்பையெல்லாம் கூட வேலை பார்த்தவன் தன் பேர்ல போட்டுக்கிட்டானாம். அதுல மனசு ஒரு மாதிரி ஆகியிருக்கும்போல. இதைக் கேளுங்களேன், தமாஷ்," என்று படித்தார்.

"'பகல் 2.33. தெரியாத ஆள் ஒருவன் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கையில் வெளிச்சம் விடும் சின்னப் பலகை. இவனும் என் வேலையைத் திருட வந்தவன்தான். எழுந்திருக்கச் சொன்னேன். 2.37-க்கு மறைந்துவிட்டான்.'"

மாமனார் சிரித்தார். மச்சினியும் சிரித்தாள். என் மனைவி மட்டும் என்னைப் பார்த்தாள். "என்னங்க, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?"

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். வருஷம்தான் வேறு. போன ஞாயிற்றுக்கிழமையின் அதே தேதி, அதே மாதம்.

"அடுத்த பக்கம் திருப்புங்க சகலை," என்றார் அவர். "இன்னும் ரெண்டு தடவை வர்றான் அந்த ஆளு."

நான் போனது ஒரே ஒரு தடவை. சத்தியமாக ஒரே தடவைதான்.

திருப்பினேன். அந்த இரண்டு தேதிகளும் இந்த வருஷம் இன்னும் வரவில்லை.

முதலாவதில், 'மறுபடி வந்தான். ஒரு இணைப்பை மாற்றிவிட்டான்.'

இரண்டாவதில், 'இன்று அவனை எழுந்திருக்க விடவில்லை.'

அதற்கு அப்புறம் அவள் எதுவும் எழுதவில்லை.