காலி லோரியின் எடை

முப்பது வருடமாக டெங்கில் ஊர்ப் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். எண்ணெய் ஆலைக்குள் நுழையும்போது லோரியை நிறுப்பார்கள். குலையைக் கொட்டிவிட்டு வெளியே வரும்போது மறுபடி நிறுப்பார்கள். கழித்தால் வருவது சரக்கு. காலி லோரியை நிறுக்கும்போது மட்டும் நான் மெதுவாக இறங்கி நின்றுகொள்வேன். என் தொண்ணூறு கிலோவும் குலைக் கணக்கில் சேர்ந்துவிடும். அவ்வளவு கெட்டிக்காரன்.

இப்போது என்னையே நிறுக்கிறார்கள். சிறுநீரகம் போய், கிள்ளான் ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் ரத்தம் கழுவுகிறேன். போன தடவை கழுவி முடித்த எடையைவிட இன்று எவ்வளவு கூடியிருக்கிறதோ, அது நான் குடித்த தண்ணீர். இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. இன்னொரு முறை வார்டில் படுத்தால் லோரிச் சாவி வேறு ஆளுக்கு என்று முதலாளி பரமேஸ்வரன் சொல்லிவிட்டார்.

அன்று பெல்ட், செருப்பு, சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன்.

“மூணு புள்ளி ரெண்டு கிலோ கூடியிருக்கு,” என்றாள் நர்ஸ் மாதவி. “மூச்ச விடுங்க அங்கிள், காத்தையெல்லாம் நாங்க நிறுக்கிறதில்ல. எவ்ளோ குடிச்சீங்க?”

“ஒரு நாளைக்கு மூணு கிளாஸ்தான்லா!”

“ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ அங்கிள். அடுத்த தடவையும் கூடுச்சுன்னா டாக்டர் வார்டுக்கு அனுப்பிடுவாரு.”

டாக்டர் சீட்டில் ஒரு நாளைக்கு 0.75 லிட்டர் என்றுதான் எழுதியிருந்தார். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். புள்ளி வைத்த எண்ணைக் கண்டால் கண் தானாக வேறு பக்கம் போய்விடும். பக்கத்துக் கட்டில்காரர் “மூணு கிளாஸ்” என்றார், பிடித்துக்கொண்டேன். மாதவி சீட்டிலிருந்த புள்ளி எண்ணை அடித்துவிட்டு 750 மில்லி என்று எழுதினாள். அது மண்டையில் ஏறியது.

ஐந்நூறு மில்லி தண்ணீர் பாட்டிலோடு சின்னையா டீக்கடைக்குப் போனேன். நான் வழக்கமாகத் தே ஓ ஐஸ், அதாவது பாலில்லாத ஐஸ் டீ, குடிக்கும் கைப்பிடி கிளாஸில் ஊற்றினேன். பாட்டில் கிட்டத்தட்ட காலி.

“அண்ணே, அது கிளாஸ் இல்ல, வாளி,” என்றார் சின்னையா. “நீங்கதான பெருசா கேட்டு வாங்குனீங்க?”

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்றரைப் பாட்டில். காப்பியோ கஞ்சியோ, எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டினேன். காலியானதும் வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் அது எல்லாருக்குமே நிம்மதி.

அடுத்த தடவை நேரே போய் ஏறினேன்.

“ரெண்டாயிரத்து நூறு கிராம்,” என்றாள் மாதவி. எனக்காகவே புள்ளி இல்லாமல் சொன்னாள். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“பாக்கெட்டுல என்ன அங்கிள் தொங்குது?”

லோரிச் சாவிக்கொத்து, பின்கதவுப் பூட்டோடு. ஒளிக்க ஒன்றும் இல்லாத நாளில் கழற்றவே மறந்திருக்கிறேன். மேசையில் வைத்துவிட்டு மறுபடி ஏறினேன்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரம்.”

இறங்கியதும் முதல் வேலையாகச் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.