அம்மா அடைக்க விடாத ஓட்டைகள்

ஓட்டை விழுந்த வள்ளம் கரையில் கிடந்தால் அந்த வீட்டில் ஆம்பிளை இல்லை என்று எங்கள் ஊரில் நினைப்பார்கள். எங்கள் வீட்டில் உண்மையாகவே இல்லை. கடல் தொழிலுக்குப் போன, என்னைப் பெற்ற ஐயாவையும் கூடப் போனவர்களையும் சீருடைக்காரர் நடுக்கடலில் மறித்துச் சுட்டுவிட்டார்கள். சூட்டு ஓட்டைகளோடு வள்ளம் கரை ஒதுங்கியது. காற்றில் வள்ளம் கவிழ்ந்து இறந்தார்கள் என்று வானொலி சொன்னது. அன்றைக்குப் பட்டம் விடக்கூடக் காற்றில்லை.

சித்தப்பா நல்ல மனிதர். அண்ணன் வீட்டை ஊர் அப்படிப் பார்க்கக் கூடாது என்று, செத்தவீடு முடிந்த கையோடு பஞ்சும் குங்கிலியமும் கொண்டுவந்து ஓட்டைகளை அடைக்கத் தொடங்கினார். நான் சந்தோஷமாகக் குங்கிலியம் காய்ச்சிய சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வள்ளம் சரியானால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகலாம்.

அம்மா கண்டுவிட்டார்.

"தம்பி, கையை எடும்."

"ஓட்டை வள்ளம் கரையிலை கிடக்கிறது சரியில்லை, அண்ணி."

"கிடக்கட்டும். நீதவான் வரேக்கை நான் எதைக் காட்டுறது? உம்மடை குங்கிலியத்தையோ?"

"உவை ஒருத்தரும் வரமாட்டினம்."

"வராட்டி நான் போறன்."

அம்மா மீன் வெட்டும் கத்தியை எடுத்துவந்து, அடைத்ததையெல்லாம் தோண்டத் தொடங்கினார். சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு தானும் குந்தியிருந்து சுரண்டினார்.

அடுத்த கிழமை, ஊரில் அரசாங்க அலுவல் பார்க்கும் விதானையார் வந்தார். "காத்திலை கவிண்டதெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் அலுவல் லேசாய் முடியும், பிள்ளை" என்றார். அம்மா என் கையைப் பிடித்து, விரலை ஓர் ஓட்டைக்குள் விட்டார். விரல் மறுபக்கம் வந்தது.

"காத்து இப்பிடித் துளைக்குமோ, விதானையார்?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வள்ளம் இன்னும் எங்கள் வளவில்தான் இருக்கிறது. நீதவான்கள் மாறினார்கள். விசாரணை ஆணைக்குழுக்கள் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயின. மாரிக்கு முன்னர் அம்மா அதன் மேல் புதுத் தென்னங்கிடுகு போடுவிப்பார். இப்போது அவருக்குச் சரியாக நடக்க ஏலாது. ஆனாலும் வழக்குத் தவணை என்றால் முதல் பஸ்ஸுக்கு என்னை எழுப்புவது அவர்தான். ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. கதைப்பதெல்லாம் அம்மா. நான் ஓட்டைகளின் படங்களைத் தூக்கிப் பிடிப்பேன்.

குங்கிலியத்தைத் தோண்டிய அன்று நான் கோபத்தில் சாப்பிடாமல் படுத்தேன். அம்மாவுக்கு வள்ளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். ஓட்டையோடு ஒரு வள்ளம் இவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத்தான் தெரியவில்லை.